இருநூற்று ஒன்பதாம் பக்கத்துக் குதிரை

அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம் தரைக்குக் கீழே இருந்தது. அங்கே நான்கு பெரிய இயந்திரங்கள். படுக்கை விரிப்புகளைத் திணித்து மூடினால் நாற்பது நிமிடம் அவை தானாகச் சுற்றும். மற்ற பெண்கள் அந்த நேரத்தில் கால் நீட்டி ஊர்க்கதை பேசுவார்கள். அவள் மட்டும் சோப்புத்தூள் மூட்டை மேல் உட்கார்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தடித்த நாவலைத் திறப்பாள். அதனால் அவளுக்கு அங்கே ‘புரொபசர்’ என்று பெயர்.

“ஏ புரொபசர், இன்னைக்கு யாரு சாகறா?” என்று இஸ்திரி போடுகிறவள் கேட்பாள்.

“இன்னும் யாரும் சாகல. ஏன் சாகணும்னு யோசிச்சிட்டு இருக்காங்க.”

“யோசிக்கறதுக்கே நானூறு பக்கமா? குடுத்து வச்சவங்க!”

அவள் படித்ததெல்லாம் பல நாடுகளிலிருந்து மொழிபெயர்த்து வந்தவை. ஒரு நாவலில், காலையில் மரண தண்டனை எழுதிய கையால் சாயங்காலம் ரோஜாச்செடி நடும் நீதிபதி வருவார். இன்னொன்றில், ஊரே காலிசெய்து போன பிறகும் தினமும் தபால் நிலையத்தைத் திறந்து வைக்கும் பெண் வருவாள். கதை எங்கே போகிறது என்பதைவிட, எதற்காக வாழ்கிறோம் என்று யாரோ விடாமல் கேட்டுக்கொண்டிருப்பதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. ஆரம்பத்தில் அந்தப் பிடித்தம் ஒன்றுதான் அவளிடம் இருந்தது. வஞ்சம் பிறகுதான் வந்தது.

அவளுடைய அக்கா புருஷன் ஒரு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். நூலக மாடியில் மாதம் ஒரு ஞாயிறு பிற்பகலில் கூடும் வாசகர் வட்டத்துக்கு அவர்தான் தலைவர். ஒவ்வொரு மாதமும் ஒரு நாவலை எடுத்து ஒரு மணி நேரம் பேசுவார். அக்கா கதவோரம் உட்கார்ந்திருந்து கடைசியில் எல்லாருக்கும் டீ கொடுப்பாள்.

அவள் முதன்முதலாக அங்கே போன அன்று, ஒரு அறைக்குள்ளேயே பதினோரு வருடம் உட்கார்ந்து உண்மையைத் தேடும் ஒருவனைப் பற்றிப் பேச்சு. அவள் கை தூக்கினாள்.

“அந்தப் பதினோரு வருஷமும் அவன் துணியை யாரு துவைச்சாங்கன்னு அறுநூறு பக்கத்துல எங்கயும் வரலையே, மாமா?”

அது அவளுடைய நிஜமான கேள்வி. யாரோ ஒருவர் துவைக்கத்தானே வேண்டும்? மாமா கண்ணாடியைக் கழற்றினார்.

“என் கொழுந்தியா ஆஸ்பத்திரி லாண்டரியில வேலை பார்க்கறாங்க. அவங்களுக்கு எந்த நாவலைக் குடுத்தாலும் அழுக்குத் துணி மூட்டையாத்தான் தெரியும்.”

மொத்த வட்டமும் சிரித்தது. டீ வாங்கும்போது ஒருவர், “அழுக்கு மூட்டைக்கு ஒரு டீ” என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவை அவள் மறக்கவில்லை.

அன்றிலிருந்து இரண்டு வருடம் அவள் பழிவாங்கத்தான் படித்தாள். வட்டத்தின் பட்டியலில் இருந்த ஒன்றையும் விடவில்லை. விரிப்பை விளக்கொளியில் தூக்கிப் பிடித்துக் கறை தேடுவதுதான் அவள் வேலை. மாமாவின் பேச்சையும் அப்படியே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். கறை கிடைக்கவில்லை. பேச்சு நன்றாகத்தான் இருந்தது. சில வரிகள் வீட்டுக்கு வந்த பிறகும் மனதில் ஓடின. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இந்த வாயில் இப்படி வார்த்தை எங்கிருந்து வருகிறது?

பிறகு கலங்கரை விளக்க நாவல் வந்தது. தனியாக ஒரு தீவில் விளக்கைப் பார்த்துக்கொள்ளும் கிழவர், காலம் என்றால் என்ன என்று யோசிக்கிறார். இருநூற்று எட்டாம் பக்கத்தின் அடியில் அவர் விளக்கின் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்புகிறார். இருநூற்று ஒன்பதாம் பக்கத்தின் முதல் வரியில் ஒரு தரகன் பெண் குதிரை ஒன்றின் வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிறான். பதினாறு பக்கத்துக்குக் குதிரைச் சந்தை. இருநூற்று இருபத்தைந்தில் மறுபடியும் தீவு, கிழவர், கடல்.

வேறு யாராக இருந்தாலும் புத்தகத்தை மாற்றிக் கேட்டிருப்பார்கள். இவள் மாதிரி நாவல்களிலேயே ஊறினவளுக்கு அது தோன்றவில்லை. இந்த எழுத்தாளர்கள் இதையெல்லாம் செய்யக்கூடியவர்கள்தான் என்று நினைத்தாள். எட்டு நாள், எட்டு நாளும் நாலு தடவை இயந்திரம் சுற்றச் சுற்ற, அந்தக் குதிரைக்குப் பொருள் தேடினாள். குதிரைதான் கிழவரின் ஞாபகம். பல்லை எண்ணி அவர் தன் வயதைக் கணக்கெடுக்கிறார் என்று கடைசியில் கண்டுபிடித்துவிட்டாள். பெருமையில் இஸ்திரிக்காரிக்குக்கூடச் சொன்னாள்.

ஒன்பதாம் நாள் நூலகத்தில் அதே பதிப்பகத்தின் வேறொரு நாவலை எடுத்தாள். ஒரு குதிரைத் தரகனின் கதை. அதில் அதே பக்கத்தில் அதே குதிரை, அதே பல். அச்சகத்தில் யாரோ ஒரு பதினாறு பக்கக் கட்டை மாற்றித் தைத்துவிட்டார்கள். வட்டத்துக்காக நூலகம் வாங்கிய பன்னிரண்டு பிரதிகளில் அலமாரியில் இருந்தவற்றைப் புரட்டினாள். எல்லாவற்றிலும் குதிரை நின்றது.

முதலில் அவளுக்கு முகம் சுட்டது. பிறகு சிரிப்பு வந்தது. அது நல்ல சிரிப்பு இல்லை.

சனிக்கிழமை அக்காவுக்குப் போன் செய்தாள்.

“நாளைக்கு உன் வீட்டுக்காரருக்கு ஒண்ணு வச்சிருக்கேன்.”

“என்னடி வச்சிருக்கே?”

“இருநூத்தி ஒன்பதாம் பக்கம்.”

“வேண்டாம்டி. விட்டுடு.”

“அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்களே, அப்ப ஏன் யாரும் விட்டுடுன்னு சொல்லல? அவருக்கு நீ பரிஞ்சு பேசாதே.”

“அவருக்காகச் சொல்லலடி” என்றாள் அக்கா. போனை வைத்துவிட்டாள்.

ஞாயிறு பேச்சு பிரமாதமாக இருந்தது. தனிமையைப் பற்றி, காத்திருப்பதைப் பற்றி. கடைசியில் மாமா புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். “நாலு தடவை படிச்சிருக்கேன். இதுல தேவையில்லாத ஒரு வரி கிடையாது.”

அவள் எழுந்தாள். குரல் நிதானமாக வந்தது.

“மாமா, இருநூத்தி ஒன்பதைக் கொஞ்சம் சத்தமாப் படிச்சுக் காட்டுறீங்களா? எனக்குச் சரியாப் புரியல.”

“இன்னும் துணி துவைக்கற இடமே வரலையாம்மா?” என்றார் அவர். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் பக்கத்தைத் திருப்பிக் கம்பீரமாக ஆரம்பித்தார். “தரகன் அதன் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தான். ஏழு வயசுக் குதிரை என்று...” குரல் தேய்ந்தது. ஒரு பக்கம் தள்ளினார். இன்னொரு பக்கம். எங்கும் குதிரை.

“இது ஒரு குறியீடு” என்றார்.

அவள் பையிலிருந்து மற்ற நாவலை எடுத்து, அவர் விட்ட இடத்திலிருந்து படித்தாள். “...என்று சொல்லிச் சேணத்தைத் தட்டினான். இது வேற புத்தகம், மாமா. மாத்தித் தச்சுட்டாங்க. நாலு தடவை படிச்சவருக்கு நாலு தடவையும் குதிரை கண்ணுல படலையா?”

ஒருவர் கெக்கெக்கே என்று ஆரம்பித்தார். அறை முழுக்கப் பற்றிக்கொண்டது. இரண்டு வருடம் அவள் காத்திருந்த சத்தம் அது. அவள் அதை நின்று அனுபவித்தாள்.

மாமாவின் முகம் கறுத்தது. கதவுப் பக்கம் கையை நீட்டினார்.

“என்னை ஏன் கேக்கறீங்க? படிச்சுக் குறிப்பு எழுதறது அவ. ஒன்பது வருஷமா அவதான் எழுதறா. வீட்டுல சும்மாதானே இருக்கே, ஒழுங்காப் படின்னு சொன்னேன். கிழிச்சிருக்கா!”

சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு வருடமாக அவள் கறை தேடிய வரிகள் எல்லாம் அக்காவுடையவை. அவள் வீசிய கல் எங்கே போய் விழுந்திருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது.

அக்கா டீத்தட்டைக் கீழே வைத்தாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“குதிரையைப் பத்தி ஒண்ணரைப் பக்கம் எழுதினேன். கலங்கரை விளக்கத்துக்குள்ள குதிரை எப்படி வரும், தூங்கிட்டே எழுதினியான்னு கேட்டுச் சிவப்பு மையில அடிச்சீங்க. புத்தகத்தை ஒரு தடவை திறந்து பார்க்கலாமேன்னேன். உனக்கு அவ்வளவுதான் புத்தின்னு சொன்னீங்க.” அவள் வட்டத்தைப் பார்த்தாள். “தச்சது தப்புன்னு எனக்குத் தெரியல. ஆனா குதிரை இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்.”

பிரதி எடுத்து வந்திருந்தவர்களில் பாதிப்பேர் மடியில் இருந்த புத்தகத்தை மெல்ல மூடினார்கள்.

“குதிரையைப் பத்தி என்னக்கா எழுதினே?” என்று அவள் கேட்டாள்.

“கிழவர் கரையில விட்டுட்டு வந்த பொண்டாட்டின்னு. பல்லைப் பார்த்து, குளம்பைப் பார்த்து, நடக்க விட்டுப் பார்த்து வாங்கினாங்க. அப்புறம் ஒரு நாள்கூட அவளை என்னன்னு கேக்கல.”

“எனக்கு அது அவரோட ஞாபகம்னு தோணுச்சு. எட்டு நாள் மண்டையைக் குடைஞ்சேன்.”

“ஞாபகமா? ஞாபகத்தை எதுக்குடி சந்தையில விக்கணும்?”

முன்வரிசையில் இருந்த ஒருவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்தவரும் திருப்பினார். கொஞ்ச நேரத்தில் எல்லா நாற்காலியும் கதவுப் பக்கம் பார்த்து நின்றன. அக்கா விரலை மடக்கி மடக்கிக் காரணம் சொன்னாள். தங்கை ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பக்கம், திறந்த புத்தகத்தோடு மாமா நின்றுகொண்டிருந்தார். உட்காருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. தங்கையும் சொல்லவில்லை.