மூன்றாவது குரல்

ஆலங்குடிச் சந்தையில் நேற்று ஒரு கூடை முந்திரிப் பழத்தின் புளித்த வாடை மூக்கில் ஏறியது. எங்கள் முந்திரிக்காட்டின் வாடை அது. இப்போது அங்கே மரம் ஒன்றுகூட இல்லை, வீட்டுமனைக் கற்கள்தான் நிற்கின்றன.

உச்சிவெயிலில் அந்தக் காட்டில் காட்டேரி திரியும், ஆட்டுக்குட்டியாகவும் கறுப்பு நாயாகவும் மாறும், நம் வீட்டு ஆளின் குரலிலேயே கூப்பிடும், ஆனால் இரண்டு தடவைக்கு மேல் அதற்கு வாய் வராது, அதனால் மூன்றாவது தடவை கேட்ட பிறகே பதில் சொல்ல வேண்டும் என்று சருகு அள்ளும்போதும் கொட்டை திருகும்போதும் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். "நான்தான்டி காட்டேரி, ஒன் கொடலை உருவப் போறேன்" என்று அக்கா என்னைத் துரத்துவாள்.

ஒரு நாள் உச்சிவெயிலில் மரங்களுக்கு அப்பாலிருந்து அவள் குரல் இரண்டு தடவை கேட்டது.

"ஆத்தா! ஆத்தா!"

ஓடப்போன என் கையை, எங்களைப் பெற்ற ஆத்தா இறுக்கிப் பிடித்தாள். "இருடி, இன்னொரு தடவை கூப்பிடட்டும்."

கூப்பிடவில்லை.

வெகுநேரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது அக்கா வாயில் நுரையோடு கிடந்தாள். காலில் பாம்பின் பல் பதிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "காட்டேரி அடிச்சிருச்சு" என்றது ஊர். மடச் சனங்கள்.

சாகும்வரை ஆத்தா, யாரும் கூப்பிடாதபோதும் சோற்றுக் கையோடு எழுந்து, "இந்தா வாரேன்த்தா" என்று வாசலுக்கு ஓடினாள்.