சாக்குப்பை இல்லாத வீடு

கிட்டுசாமியண்ணனுக்கு இரண்டே வேலைதான் தெரியும். ஒன்று, பேல் பேலாகக் கட்டிய பனியன் பொதிகளை மாட்டு வண்டியில் ஏற்றிப் போய் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் இறக்குவது. இன்னொன்று, வம்பை விலை கொடுத்து வாங்குவது. அறுபத்தைந்தாம் வருஷ வாக்கில், நொய்யல் கரையில் வாய் கட்டிய சாக்கு ஒன்று அசைந்துகொண்டு கிடந்தது. போனவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் போனார்கள். இவர் வண்டியை நிறுத்தி அவிழ்த்தார். உள்ளே எலும்பும் தோலுமாக ஒரு நாய். செவலை என்று பேர் வைத்து, நாங்கள் குடியிருந்த லைன் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார்.

அவர் காலடியிலேயே கிடக்கும். ஆனால் திடீரென்று யார் மேலாவது பாயும். அடுத்த நாள் அதே ஆள் வந்தால் சும்மா படுத்திருக்கும். காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. பேல் ஏற்றிய வண்டியைக் கண்டால் தெருக்கோடிக்கு ஓடிவிடும். மாட்டைக் கண்டு பயம் போல என்று அவர் நினைத்தார். முனிசிபாலிடிக்காரர்கள் தெருநாய்களைப் பிடித்துப் போய்க் கொன்ற காலம் அது. "இன்னொருக்கா பாஞ்சா நானே போயிச் சொல்லிருவேனுங்க" என்றார் பக்கத்து வீட்டு அய்யாசாமி. சொன்னால் செய்கிற ஆள்.

அண்ணன் பயந்துபோய் அதற்கு ஒரு வீடு தேட ஆரம்பித்தார். குன்னத்தூரில் தோட்டம் வைத்திருந்த வெள்ளியங்கிரி தங்கமான மனுஷன், நாயைக் கொண்டுபோக அவரே வந்தார். எங்கள் பக்கத்தில் நாயையோ பூனையையோ வேறு வீட்டுக்குக் கொண்டுபோனால் சாக்கில் போட்டுத்தான் கொண்டுபோவார்கள். "வழி தெரிஞ்சா திரும்பி வந்துருமுங்க" என்று சொல்லிக்கொண்டே வெள்ளியங்கிரி கையிலிருந்த சாக்கை விரித்தார். அவ்வளவுதான், சட்டைக் கை கிழிந்து தொங்கியது.

"இது ஊட்டுக்கு ஆவாதுங்க" என்று அவர் போய்விட்டார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் அய்யாசாமி கொங்காடை போட்டுக்கொண்டு வந்தார். சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் தள்ளித் தலையில் மாட்டிக்கொண்டால் அதுதான் கொங்காடை; எங்கள் ஊர்க் குடை. செவலை பாய்ந்த பாய்ச்சலில் மனிதர் சேற்றில் விழுந்தார். மறுநாள் காலை, முனிசிபாலிடிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போக வந்தார். அப்போது தலையில் சாக்கு இல்லை. செவலை அவர் காலை மோந்து பார்த்து வாலை ஆட்டியது.

கிட்டுசாமியண்ணன் நாயைப் பார்த்தார். அய்யாசாமி வீட்டுச் சுவரில் காய்ந்துகொண்டிருந்த கொங்காடையைப் பார்த்தார். "அதைக் கொஞ்சம் கையில எடுங்க" என்றார். அய்யாசாமி எடுத்தார். செவலை நடுங்கி, நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டு, குரைக்கக்கூட மாட்டாமல் மூலையில் போய் ஒடுங்கியது.

அய்யாசாமி சாக்கை மெல்ல மடித்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். "சந்தை நாளு வரைக்கும் பாக்கறேனுங்க. புள்ளகுட்டி இருக்கற எடமுங்க" என்றார்.

அதற்கப்புறம் அண்ணன் அலைந்த அலைச்சலைப் பார்த்து ஊரே சிரித்தது. பெண் கேட்கப் போகிறவர்கள் குலம் கோத்திரம் கேட்பார்கள், இவர் "ஊட்டுல சாக்கு இருக்குதுங்களா?" என்று கேட்டார். நெல்லு, நிலக்கடலை, பருத்திக்கொட்டை, புண்ணாக்கு எல்லாம் சாக்கு. பனியன் கம்பெனியில் பேலைச் சுற்றித் தைப்பதும் சாக்கு. வாசலில் கால் துடைப்பதும் அதுதான். அவர் வண்டியிலேயே சாக்கு இல்லாமல் சோறு இல்லை.

கடைசியில்தான் சேவூர் சாரதாமணி ஞாபகத்துக்கு வந்தார். தனிக்கட்டை, வீட்டிலேயே தறி. முன்பு நூல் இறக்கப் போன இடத்தில் இவரிடம் சண்டைக்கே வந்தவர்: "சாக்கை வெளியவே போட்டுட்டு வாங்கண்ணா. பிசிறு தறியில பாவு நூலுல ஒட்டிக்கிச்சுன்னா யாரு பொறுக்கறதுங்க?" அன்று வாங்கிய திட்டை நினைத்து இன்று சந்தோஷப்பட்டவர் இவர் ஒருவர்தான்.

அன்றைய வண்டி வாடகை வருமானத்தை விட்டுவிட்டு, திருப்பூரிலிருந்து சேவூர் வரை நாயோடு நடந்தே போனார். வண்டியும் இல்லை, கையில் பையும் இல்லை. எதிரே சாக்கு மூட்டை வந்தபோதெல்லாம் ரோட்டை விட்டு இறங்கிக் காட்டுக்குள் நின்றார்.

"கடிக்குங்களா?" என்று சாரதாமணி கேட்டார்.

"சாக்கைப் பாத்தா கடிக்குமுங்க. அதைச் சாக்குல கட்டி ஆத்தோரம் போட்டிருந்தாங்க."

சாரதாமணி முருகன் படத்துக்கு முன்னால் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார். "எனக்கும் ஆராவது வந்து கதவைத் தட்டுனா திக்குனுதான் இருக்குமுங்க. ரெண்டு பேரும் பயந்துட்டே இருக்கோம், உட்டுட்டுப் போங்க" என்றார்.

அண்ணன் திரும்பி வரும்போது கழுத்துக்கயிறு மட்டும் கையில் இருந்தது.

அடுத்த மழையில் சேவூருக்கு நூல் லோடு கிடைத்தது. நானும் கூடப் போனேன். வண்டியை நெசவாளர் சொசைட்டியில் நிறுத்திவிட்டு நடந்தோம். சாரதாமணி வீட்டுத் திருப்பத்துக்கு வந்ததும் அண்ணன் தலையிலிருந்த கொங்காடையைக் கழற்றி வேலி மேல் போட்டார். என்னுடையதையும் பிடுங்கினார். கொட்டுகிற மழையில் தொப்பலாக நனைந்து போய் நின்றோம்.

"ஏனுங்கண்ணா, இந்த மழைல ஒரு கொங்காடை கூடவா இல்லீங்க?" என்றார் சாரதாமணி.

"இருக்குதுங்க. திருப்பத்துல கழட்டிப் போட்டுட்டு வந்தனுங்க."

தறிக்குழியின் ஓரத்தில் படுத்திருந்த செவலை எழுந்து வந்தது. அண்ணனுடைய கை, மடி, முதுகு எல்லாம் ஒரு சுற்று மோந்து பார்த்தது. பிறகு அவருடைய ஈரக் காலின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. கிட்டுசாமியண்ணன் சாகும் வரை மழைக்குக் கொங்காடை போட்டு நான் மறுபடி பார்க்கவில்லை.