எஸ்தர்பாய் அக்கா கேட்டுக்கொண்ட ஒன்று

‘குலை அக்கா போயிட்டாவ. அடக்கம் நாளைக்கு மூணு மணி’ என்று நம் சபை வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். ஒருவருக்கும் அவருடைய பெயரைப் போடத் தோன்றவில்லை. குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. அந்தப் பட்டத்தை அவருக்குச் சூட்டியதே நான் வசனம் எழுதிய சிரிப்புப் படம்தான். அவர் பெயர் எஸ்தர்பாய். தக்கலையில் முப்பது வருடம் தையல்கடை வைத்திருந்தவர். உங்களில் பலர் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போனது அவர் தைத்த சட்டை.

நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். எல்லைக்கல் தகராறில் அக்காவின் கணவரை அடுத்த வீட்டுக்காரர் அடித்துக் கொன்று பாழ்கிணற்றில் போட்டார். போட்டுவிட்டு, மறு ஞாயிறு, நம் வழக்கம் மாறாமல், ‘நெடுநாள் தொல்லை நீங்கியதற்காக’ என்று எழுதிக்கொடுத்து ஒரு ஏத்தன் வாழைக்குலையை ஸ்தோத்திரக் காணிக்கையாக வைத்தார். போதகரும் அதை அப்படியே வாசித்தார். பின்னால் போலீசுக்குத் துப்பாக அமைந்தது அந்த அறிவிப்புதான். ஆனால் அன்றைக்கு, ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருட்கள் ஏலத்துக்கு வந்தபோது, காணாமல்போன கணவர் திரும்பி வரவேண்டும் என்று நேர்ந்துகொண்டு அந்தக் குலையை எடுத்தவர் எஸ்தர்பாய் அக்கா.

படத்துக்காகக் கதை கேட்டுப் போனபோது, தையல் மெஷினை மிதித்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஒரே ஒரு இடத்தில் கால் நின்றது. பழத்தை உரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது, குலை வைத்தவனுக்காக அவர் ஜெபித்திருக்கிறார். ‘இத தந்தவனுக்க குடும்பத்த கர்த்தர் ஆசீர்வதிக்கட்டும்னு எனக்க வாயால சொன்னேன் மக்கா. அத மட்டும் படத்துல வச்சிராத. மத்தது என்ன வேணும்னாலும் எழுது.’ வைக்கமாட்டேன் அக்கா என்றேன். கறுப்புக்காப்பி கொடுத்தார், குடித்தேன்.

வைத்தேன். இடைவேளைக்குச் சற்று முன்னால் வைத்தேன். வசனம் எழுதிப் பிழைக்கிறவனுக்கு அப்படி ஒரு வரி ஓசியில் கிடைத்தால் கை சும்மா இருக்குமா? இயக்குநர் என்னைக் கட்டிப்பிடித்தார். தியேட்டர் தியேட்டராகச் சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எப்படி யோசித்தீர்கள் என்று கேட்டவர்களிடம், தானாக வந்தது என்று வெட்கமில்லாமல் சொன்னேன்.

ஊரில் நடந்தது அதைவிடக் கேவலம். கோயிலில் அக்காவின் தலை தெரிந்தால் பின்வரிசையிலிருந்து யாராவது அந்த வசனத்தைச் சொல்வார்கள். சபையார் கூடிச் சாப்பிடும் அசன விருந்தில் இலைக்குப் பழம் வைத்தவர்கூடச் சொல்லிவிட்டுப் போனார். பொல்லாதவர்கள் இல்லை, நம் ஆட்கள்தான். மூன்றே மாதத்தில் அக்கா நம் சபையை விட்டு, பஸ் ஏறி வேறு சபைக்குப் போகத் தொடங்கினார். அவர் ஞானஸ்நானம் பெற்றதும் கல்யாணம் முடித்ததும் இந்தக் கோயிலில். அதன்பிறகு இதன் வாசலை அவர் மிதிக்கவில்லை.

போன கிறிஸ்துமசுக்கு முன்னால் மன்னிப்புக் கேட்கப் போனேன். உட்காரச் சொன்னார், கேட்க விடவில்லை.

‘நான் தியேட்டருக்குப் போயி பாத்தேன், கேட்டியா. அந்த எடம் வந்ததும் எல்லாரும் சிரிச்சாவ. பக்கத்துல இருந்த பொம்பள எனக்க கையத் தட்டித் தட்டிச் சிரிக்கா. நான் சும்மா இருந்தா நான்தான் அதுன்னு கண்டுபிடிச்சிருவாளேன்னு பயந்து, நானும் சிரிச்சேன் மக்கா.’

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் ஏதாவது ஒரு படத்தில் விற்றிருப்பேன். அரங்கு அதிர்ந்தது என்று மேடை மேடையாகப் பெருமை பேசினேனே, அந்தச் சிரிப்பில் அவருடையதும் இருந்தது. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அதை எழுதாதே என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. என்னிடம் கேட்டுப் பிரயோசனமில்லை என்று அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது.