பெயருக்குப் பின்னால் என்ன போடட்டும்?

கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் தொழிலில் மாப்பிள்ளை வீட்டாரைக்கூடச் சமாளித்துவிடலாம், பெயருக்குப் பின்னால் வரும் சாதி ஒட்டைத்தான் சமாளிக்க முடியாது. ஈய எழுத்து பொறுக்கி விரல் கறுத்த சக கம்பாசிட்டர்களே, உங்களுக்குத் தெரியாததா? ஐம்பதுகளின் கடைசியில் உத்திரமேரூரில் ஓர் அச்சகத்தில் இருந்தேன். முகூர்த்த மாதங்களில் வேலை குவியும் என்பதால், முதலியார், ரெட்டியார், நாயுடு என்று ஒவ்வொரு சாதிக்கும் வாசகத்தை முன்கூட்டியே கோத்து, நூலால் கட்டி வைத்திருப்போம். வந்தவர் எந்தத் தெரு என்று தெரிந்தால் போதும், கை தானாக அந்தக் கட்டுக்குப் போகும். அந்த மை வாசனைக்கு இன்றும் மனசு ஏங்குகிறது.

மொட்டைப் பெயர்

ஏனாத்தூர்ப் பக்கத்து ரெட்டியார் ஒருவர், கல்யாண மாப்பிள்ளையான மகனோடு வந்தார். பையன் சென்னையில் படித்தவன், மேடைப் பேச்சு கேட்டுப் பழகியவன். தன் பெயரோடு சாதி வரக்கூடாது என்றான். வராவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்றார் அப்பா. மதியம் வரை வழக்கு நடந்தது. கடைசியில் அப்பாவுக்கு ஒட்டு, மகனுக்கு மொட்டை என்று முடிவானது. படியிறங்கும்போது பெரியவர் என்னிடம் சொன்னார்: "மாப்ள யாரு வூட்டுப் புள்ளைன்னு எவனாவது கேட்டா உன்னாண்டதான் அனுப்புவேன். நீயே பதில் சொல்லு."

வரப்பில் தமிழ்

மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்த புதிது. புள்ளலூர் நாயுடு ஒருவரிடம், தெலுங்கிலும் ஒரு வரி போடட்டுமா என்று கேட்டுவிட்டேன். எங்களிடம் தெலுங்கு எழுத்தே கிடையாது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. நல்லவேளை, அவரே வேண்டாம் என்றுவிட்டார். "வூட்ல தெலுங்கு, வரப்புல கால் வச்சா தமிழு. நான் இன்னான்னு என் மாட்டுக்கே சந்தேகம் வந்ததில்ல நைனா, உனக்கு இன்னா வந்துது?"

அப்பன் பேர்

முனுசாமி கூலி வேலை செய்பவர். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தார். காலனி என்றதும் முதலாளி, ஒன்றும் கேட்காமலே அதற்கான கட்டை எடுக்கச் சொன்னார். அதில் 'திரு' கிடையாது. தகப்பன் பெயர் வரவேண்டிய இடத்தில் 'ஹரிஜன காலனி' என்று இருக்கும். மாதிரித் தாளை முனுசாமி எழுத்துக் கூட்டிப் படித்தார், முகம் சுருங்கிவிட்டது. எல்லாருக்கும் போல 'திரு. கன்னியப்பன் மகன் முனுசாமி' என்று போடச் சொன்னார்.

முதலாளிக்குக் கலக்கம். நிலக்காரர்கள் கையிலும் பத்திரிகை போகும், கோபித்துக்கொண்டால் உன் கூலியும் போச்சு, என் வாடிக்கையும் போச்சு என்றார். ஹரிஜன் என்றால் கடவுளின் பிள்ளை, மரியாதையான சொல்தானே என்று சமாதானமும் சொன்னார். முனுசாமி நகரவில்லை.

"கடவுள் புள்ளைன்னா சந்தோசந்தாங்க. ஆனா எங்கப்பன் பேரு கன்னியப்பன். ஆண்டைங்க அவரை டேய்னுதான் கூப்ட்டாங்க. எங்கம்மா புருசன் பேரைச் சொல்லாது. செத்துப்போன மனுசன், அச்சுலயாவது ஒருதரம் அந்தப் பேரு வரட்டுங்க."

முதலாளி சரியென்று தலையசைத்துவிட்டார் என்பதும், கன்னியப்பனுக்கு முன்னால் நான் வைத்த 'திரு' ரெட்டியார் வாசகக் கட்டிலிருந்து உருவியது என்பதும் இன்றுவரை அந்த ஏனாத்தூர்ப் பக்கத்து ரெட்டியாருக்குத் தெரியாது.