அன்ஸ்லமின் வலது தோள்

அன்ஸ்லம் பெர்னாந்துவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவருடைய வலது தோளுக்கு எண்பது இருக்கும். முப்பது வருஷமாகப் பாடகர் டெரன்ஸின் துள்ளல் பைலாப் பாட்டுகளுக்குக் கொங்கா மேளம் அடித்த தோள் அது. கல்யாணமோ கோயில் திருவிழாவோ, நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரை, கடைசியில் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பைலா போகாவிட்டால் சனம் வீட்டுக்குப் போகாது. வலி தாங்காமல் இந்த வருஷத்தோடு விட்டுவிடத்தான் நினைத்தார். ஆனால் வேறு தொழில் எதுவும் தெரியாதே.

அப்போதுதான் டெரன்ஸின் புது ஆல்பம் வந்தது. மனைவி இறந்த பிறகு பாடிய எட்டுப் பாட்டு, எல்லாமே மெதுவானவை. ஊரைத் துள்ளவைத்த அதே குரலா இது என்று எல்லோரும் முணுமுணுத்தார்கள். அன்ஸ்லமுக்கோ வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"இது மட்டும் எடுபட்டா, சாகிற வரைக்கும் அடிப்பன்" என்றார் மனைவி ஸ்டெல்லாவிடம்.

"முதல்ல எண்ணெய் தேய்க்க விடுங்க. சாகிறதைப் பிறகு பாப்பம்."

வென்னப்புவவில் திருவிழா ஞாயிறு, பிற்பகல். "இனிப் பைலா இல்ல, இதுதான் நான்" என்று மேடையில் சொல்லிவிட்டே தொடங்கினார் டெரன்ஸ். சனமும் பொறுமையாகத்தான் கேட்டது. கடைசிப் பாட்டு, செத்துப்போன மனைவியைப் பற்றியது. இரண்டாவது சரணத்தில் முன்வரிசையில் யாரோ பைலாவுக்குக் கை தட்டத் தொடங்கினார்கள். கடைசிப் பாட்டென்றால் அப்படித் தட்டித்தான் அங்கே பழக்கம். கண்ணை மூடியிருந்த அன்ஸ்லமின் பாழாய்ப்போன கை அவரைக் கேட்கவில்லை. தன்பாட்டில் பைலாவுக்குத் தாவிவிட்டது. கிட்டார்காரர்களும் பின்னால் ஓடினார்கள். அவர் கண்ணைத் திறந்தபோது மைதானமே ஆடிக்கொண்டிருந்தது. டெரன்ஸ் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும் இடுப்பை அசைத்து அந்தப் பாட்டைப் பாடி முடித்தார்.

மேடைக்குப் பின்னால் அன்ஸ்லமுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மன்னிச்சிரு மச்சான். கை தவறிப்போச்சு."

"தவறல்லடா. சனம் கேட்டதைத்தான் குடுத்தாய். நான்தான் ஆறு மாசமா பைத்தியக்காரன் மாதிரி..." டெரன்ஸ் வியர்வையைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க முகம் நனைந்துகொண்டே இருந்தது. "அடுத்த ஆல்பம் முழுக்கப் பைலாதான். நீயில்லாம ஏலாது. வருவாய்தானே?"

அவர் கையை நீட்டினார். அன்ஸ்லமால் வலது கையைத் தூக்க முடியவில்லை. இடது கையைக் கொடுத்தார்.