விருந்தாளிக்குக் கொடுத்த மடவை

லஃப்தாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பார்த்தால் எழுபது சொல்லலாம். ஈரானின் கூசிஸ்தான் கடலோரத்து உப்பங்கழியில் வலை வீசியே தேய்ந்த மனிதர். கழியின் மேல்கரையில் ஆலை வந்து, அதன் கழிவுக் குழாய் தண்ணீருக்குள் இறங்கி இருபது வருடமாகிறது. அதற்குப் பிறகு மடவை மீன் மெலிந்தது. வயிற்றைக் கீறினால் ஈரல் கறுத்துக் கிடந்தது. இருந்தாலும் என்ன செய்வது? அதைத்தான் பிடித்தார், புளி ஊற்றிக் குழம்பு வைத்து அதைத்தான் வீட்டில் சாப்பிட்டார்கள். மனைவி ஃபக்ரியாவுக்கு இரண்டு வருடமாகக் கை நடுங்குகிறது. தேநீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்கிறாள்.

குழாயை அடைக்கச் சொல்லி மனு மேல் மனு கொடுத்து ஊரே ஓய்ந்துபோயிருந்தது. எந்தப் புண்ணியவான் கண்ணில் பட்டதோ, ஒருநாள் அகவாஸ் நகரத்து ஆய்வுக்கூடத்திலிருந்து மஹ்னாஸ் என்ற பெண் ஐஸ் பெட்டியோடு வந்து இறங்கினாள். லஃப்தா வீட்டில்தான் தேநீர் குடித்தாள், தங்கினாள். கழி மீன் இருபது வேண்டும், ஈரலையும் செவுளையும் அறுத்துப் பாதரசம் எவ்வளவு என்று பார்க்கவேண்டும், குழாயை அடைப்பதா வேண்டாமா என்பதை அந்த முடிவுதான் சொல்லும் என்றாள். மீன் கொடுக்கும் பொறுப்பை ஊர் லஃப்தாவின் தலையில் கட்டியது.

மறுநாள் விடிந்ததும் வலையை இழுத்துப் பார்த்தார். வழக்கம்போல நோஞ்சான் மீன்கள். வீடு தேடி வந்த பெண்ணிடம் இதையா நீட்டுவது? அவரைக் கூச்சம் பிடுங்கித் தின்றது. விருந்தாளிக்கு மட்டமானதைக் கொடுத்தார்கள் என்ற பெயர் அவர் பரம்பரையில் கிடையாது. வெளிக்கடல் போய்த் திரும்பியிருந்த மைத்துனன் படகில் கொழுத்த மடவைகளாகப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கினார். கடல் ஒன்றுதானே, விஷம் எங்கேயும் இருக்கத்தானே செய்யும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். அந்தப் பெண் நன்றி சொல்லி வாங்கிப்போனாள்; அவருக்கும் மனம் நிறைந்தது. பாவி மனிதர்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. ஈரல் சுத்தம், செவுள் சுத்தம், மனு தள்ளுபடி. நாணல் வேய்ந்த ஊர்க்கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். கோபப்படக்கூட யாருக்கும் தெம்பில்லை. அந்தப் பெண் ஆலைக்காரனிடம் கைநீட்டிக் காசு வாங்கிவிட்டாள் என்று ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்த லஃப்தா, முழங்காலைப் பிடித்தபடி எழுந்தார்.

"அந்தப் பொண்ணு மேல பழி போடாதீங்கப்பா. மீனை மாத்துனது நான்தான். அது வெளிக்கடல் மீனு. நம்ம கழி மீனை எப்படிய்யா ஒரு விருந்தாளி கையில குடுக்கிறது? நீங்களே சொல்லுங்க."

யாரும் திட்டவில்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அது தெரிந்ததால்தானோ என்னவோ, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இன்னொரு மனு எழுதவேண்டியதுதான் என்று மைத்துனன் சொன்னான். எழுதுகிறேன் என்று யாரும் முன்வரவில்லை.

வீட்டுக்கு வந்து ஃபக்ரியாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் சத்தம் போடவில்லை. அலுத்துப்போன குரலில் கேட்டாள்:

"ஒருநாள் வந்த பொண்ணுக்குக் குடுக்கக் கூசுச்சு, சரி. இருபது வருஷமா எங்களுக்கு அதைத்தானே குழம்பு வைக்கச் சொன்னீங்க. அப்போ கூசலையா?"