இரண்டு நகல்களுடன் புதுச்சேரிக்கு

ஆவண அறையின் விதி எளிமையானது: அழியக் கூடாத கோப்புக்கு இரண்டு நகல் வேண்டும், இரண்டும் ஒரே இடத்தில் தயாரானவையாக இருக்கக் கூடாது. முப்பத்தோரு ஆண்டுகள் இதைப் பிறருக்குச் சொல்லி ஓய்வுபெற்றவன் நான். என் மனைவி சகுந்தலாவின் குரல்வளையை அகற்றுவதற்கு முன் அவள் பேசிப் பதிந்த பதினோரு மணி நேரத்தை, நீலப் பெட்டிக் கம்பெனியின் ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும் சிவப்புப் பெட்டிக் கம்பெனியின் ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும் வைத்திருந்தேன். ஜூன் கடைசியில், ஒரே வாரத்தில், இரண்டும் நின்றுபோயின.

ஜூலை 3, புதன், காலை 8.10. கடலூரில் பேருந்து ஏறினேன். புதுச்சேரி இருபத்திரண்டு கிலோமீட்டர்தான். மரப்பாலத்தில் மட்டும் கால் மணி நேரம் நின்றோம்.

“டிபன் பாக்ஸா சார்? இப்படிக் கட்டிப் புடிச்சிருக்கீங்க!” என்றார் பக்கத்து இருக்கைக்காரர். ஆமாம் என்றேன். விளக்க வேறு வழி இல்லை.

9.40. நீலப் பெட்டியை எனக்கு விற்ற பஷீர் பாயின் கணினிக் கடை, காந்தி வீதி. இரண்டையும் பிரித்து அருகருகே வைத்தார். உள்ளே ஒரே தொழிற்சாலைப் பெயர், ஒரே மாடல் எண்.

“சிவப்பை நீலக்காரன் வாங்கி ரொம்ப நாளாச்சு சார். நான் கடை போட்டப்ப எத்தனையோ கம்பெனி. இப்ப உலகத்துக்கே மூணுதான். ஸ்டிக்கர்தான் வேற வேற.”

“அப்புறம் ஏன் பாய், சிவப்பைத் தொடாதீங்க, நீலம்தான் வாங்கணும்னு சொன்னீங்க?”

“வாய் பழகிடுச்சு சார். இன்னிக்குக் காலைலகூட ஒருத்தர்கிட்ட அதான் சொன்னேன்.”

உத்தரவாதம் இன்னும் முடியவில்லை என்று அட்டையைக் காட்டினேன். அவர் முகம் மாறியது.

“குடுத்துடாதீங்க சார். புதுசு தருவான், பழசு திரும்பி வராது. பீரோவுல வைங்க. என்னிக்காவது எவனாவது தெறந்து உள்ள இருக்கறத எடுப்பான்.”

என்னிக்காவது, எவனாவது. இப்படி எழுதிய கோப்பு எதிலும் நான் கையெழுத்திட்டதில்லை.

11.15. ஆட்டோவில் இருநூறு ரூபாய். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் நீலக் கம்பெனியின் சேவை மையம். பதிவுகளை மீட்டுத் தர வேண்டும், அதுவரை வட்டுகளை அழிக்கக் கூடாது என்று எழுதிய மூன்று பக்கக் கடிதத்தையும் இரண்டு வட்டுகளோடு சேர்த்து நீட்டினேன்.

“லெட்டர்லாம் வேணாம் சார். டப்பா மட்டும் போதும்,” என்றாள் கவுன்ட்டரில் இருந்த பெண்.

“பெற்றுக்கொண்டதா முத்திரை போட்டுக் கொடும்மா.”

எனக்காகச் சிரித்துக்கொண்டே தேடி எடுத்துப் போட்டாள். அந்த முத்திரையைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பிற்பகல் 2.30. திரும்பும் பேருந்தில் கைக்கு வேலையில்லை. எங்கள் ஊரிலும் கணினிக் கடைகள் வரிசையாக உண்டு. ஒவ்வொன்றிலும் ஒருவர் ஒரு நிறத்துக்குச் சத்தியம் செய்துகொண்டிருப்பார். வீட்டில் சகுந்தலா ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: “பாய் என்ன சொன்னார்?” கம்பெனியிலேயே எடுத்துத் தருவார்கள் என்றேன்.

நான்கு நினைவூட்டல்கள் அனுப்பினேன். பார்சலாக வந்த பதிலில் இரண்டு புதிய வட்டுகள், இரண்டும் நீலம். பழைய இரண்டும் விதிப்படி நொறுக்கப்பட்டன; என் கடிதம் உரிய பிரிவின் பரிசீலனையில் இருக்கிறது. தேதி: நவம்பர் 14, வியாழன்.